கணினியே மூலக்கூறு வடிவமைக்கும் காலத்தில், மருந்துக்கு இன்னும் காடும் கடலும் வேண்டுமா?

கேட்கப்பட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. காடு அழிந்தால் நாளைய மருந்துகளும் அதோடு போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா மிகையா? ஆய்வுக்கூடத்திலேயே புது மூலக்கூறுகளைச் செய்ய முடிகிறபோது செடியையும் நத்தையையும் தேடி அலைவது எதற்கு? அப்படியே ஒன்று கிடைத்தாலும் அதன் பலன் யாருக்குப் போகிறது? தாவர வேதியியலில் நீண்ட காலம் உழைத்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்வியில் கொஞ்சம் மிகை இருக்கிறது. காட்டின் ஏதோ ஒரு மூலையில் புற்றுநோய்க்கான மருந்து நமக்காகக் காத்திருக்கிறது என்று பேசுவது தவறான படத்தைத் தருகிறது. எந்தச் செடியும் நமக்கு மருந்து தயாரிப்பதில்லை. அது தன் பிழைப்புக்காக ஒன்றைத் தயாரிக்கிறது, அது எப்படியோ நம் உடம்பிலும் வேலை செய்கிறது. அந்த 'எப்படியோ' விளங்கிவிட்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

செடியால் ஓட முடியாது. புழு இலையைத் தின்ன வந்தால் அதைக் கசப்பாலோ விஷத்தாலோதான் தடுக்க வேண்டும். மண்ணில் வாழும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரு துளி இடத்தில் ஆயிரம் போட்டியாளர்கள். பக்கத்தில் இருப்பவனை வளரவிடாமல் தடுக்கும் பொருள் எதனிடம் இருக்கிறதோ அதற்கே சோறு. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் இந்தச் சண்டையின் ஆயுதங்கள். இன்னொரு பக்கம், பூமியில் உள்ள உயிர்கள் எல்லாம் ஒரே மூதாதையின் வழிவந்தவை. புழுவின் நரம்பில் உள்ள புரதத்துக்கும் நம் நரம்பில் உள்ள புரதத்துக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. புழுவின் நரம்பை அடைக்கத் தெரிந்த மூலக்கூறு நம் நரம்பிலும் போய் உட்காருகிறது. அளவு மிஞ்சினால் விஷம், சரியான அளவில், சரியான இடத்தில் மருந்து.

கடலில் வாழும் கூம்பு நத்தைகளைப் பாருங்கள். அவற்றில் சில மீனை வேட்டையாடித் தின்கின்றன. நத்தையின் வேகத்தில் நீந்தும் மீனை எப்படிப் பிடிப்பது? ஈட்டி போன்ற பல்லால் ஒரே குத்து, அடுத்த நொடியில் மீன் அசைவற்றுப் போகிறது. அந்த விஷம் நூற்றுக்கு மேற்பட்ட சிறு புரதத் துணுக்குகளின் கலவை, ஒவ்வொன்றும் நரம்பின் ஒவ்வொரு கதவைக் குறிவைக்கிறது. பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டோமேரோ ஒலிவேராவும் அவரது மாணவர்களும் அதைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்ததில் கிடைத்த ஒன்றுதான் சிகோனோடைடு. மார்ஃபினுக்கும் அடங்காத கடும் வலிக்கு, முதுகுத்தண்டு நீரில் நேராகச் செலுத்தும் மருந்தாக 2004இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மார்ஃபின் போல இதற்கு அடிமையாவதில்லை. எந்த வேதியியலாளரும் உட்கார்ந்து யோசித்து இந்த அமைப்பை எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பிரேசிலின் ஜராராகா விரியன் கடித்தவர்களுக்கு இரத்த அழுத்தம் திடீரென விழுந்தது. ஏன் என்று செர்ஜியோ ஃபெரேரா 1960களில் தேடியதன் தொடர்ச்சியாக வந்தது கேப்டோபிரில், 1981இல். இன்று 'பிரில்' என்று முடியும் இரத்த அழுத்த மாத்திரைக் குடும்பத்துக்கு அதுவே தலைமகன். அமெரிக்கப் பாலைவனத்தின் கிலா பல்லியின் உமிழ்நீரில் ஜான் எங் கண்டெடுத்த ஒரு துணுக்கு, உணவுக்குப் பின் இன்சுலினைத் தூண்டும் நம் உடலின் ஹார்மோன் ஒன்றைப் போலவே நடந்துகொண்டது. நம்முடைய ஹார்மோன் ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும், பல்லியுடையது மணிக்கணக்கில் தாங்கியது. அதிலிருந்து வந்த எக்ஸெனடைடு 2005 முதல் சர்க்கரை நோய்க்குப் பயன்படுகிறது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கதை நித்தியகல்யாணியுடையது. மடகாஸ்கர் தீவில் தோன்றி, வெப்பநாடுகள் எங்கும் வேலியோரத்தில் பரவிவிட்ட அதே இளஞ்சிவப்புப் பூச்செடிதான். 1952இல் கனடாவின் ராபர்ட் நோபிளுக்கு, மருத்துவரான அவருடைய அண்ணன் மூலம் ஓர் உறையில் சில இலைகள் வந்து சேர்ந்தன. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இந்த இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள் என்ற தகவலும் கூடவே வந்தது. நோபிள் அந்தச் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. ஊசி வழியாகக் கொடுத்தபோது எலிகள் தொற்று கண்டு இறந்தன. அந்த இடத்தில் பலர் கோப்பை மூடியிருப்பார்கள். அவர் ஏன் இறந்தன என்று கேட்டார். எலிகளின் வெள்ளணுக்கள் பெருமளவு குறைந்துபோயிருந்தன, அதனால்தான் சாதாரணக் கிருமியைக்கூட எதிர்க்க முடியவில்லை. வெள்ளணுவைக் குறைக்கிற பொருள், வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே! சார்லஸ் பியர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். அதே சமயத்தில் தனியாக இந்தச் செடியை ஆராய்ந்துவந்த 'எலி லில்லி' என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தினர் வின்கிறிஸ்டினைக் கண்டனர். அது 1963இல் அங்கீகாரம் பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் அந்தக் காலத்தில் ஏறக்குறைய மரண தண்டனை. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். பல மருந்துகளைச் சேர்த்துத் தருவதால் கிடைத்த வெற்றி இது, அந்தக் கூட்டணியில் வின்கிறிஸ்டின் இன்றும் இருக்கிறது.

நாட்டுவழக்கு சொன்னது சர்க்கரை நோய், கிடைத்தது புற்றுநோய் மருந்து. நாட்டுவழக்கு பொய் என்று இதற்குப் பொருளில்லை. இந்தச் செடி சும்மா இல்லை, இதில் ஏதோ இருக்கிறது என்று அது விரல் நீட்டியது. லட்சக்கணக்கான தாவர இனங்கள் உள்ள உலகில் அந்த விரல்நீட்டலின் மதிப்பு மிகப் பெரியது.

சில சமயம் அது இன்னும் துல்லியமாகவே பேசும். மலேரியாவுக்கு மருந்து தேடச் சீன அரசு 1967இல் தொடங்கிய ரகசியத் திட்டத்தில் தூ யூயூ சேர்ந்தார். மாசிப்பத்திரி வகைச் செடி ஒன்றின் சாறு ஒரு முறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹோங் எழுதிவைத்த குறிப்பை அவர் மறுபடி படித்தார். ஒரு கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, சாற்றைக் குடி என்று அதில் இருந்தது. கொதிக்கவை என்று எங்கும் இல்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று எண்ணி, குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்தார். 1971இல் அந்தச் சாறு சோதனை விலங்குகளின் மலேரியாவை முழுதாகக் குணப்படுத்தியது, அடுத்த ஆண்டு ஆர்டெமிசினின் தூய வடிவில் கிடைத்தது. 2015இல் நோபல் பரிசு வந்தது. 1600 ஆண்டு பழைய ஒரு வரியில் விடுபட்டிருந்த 'கொதிக்கவை' என்ற சொல்தான் வழியைத் திறந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் நித்தியகல்யாணி இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம். எலிகளின் வெள்ளணுவை வீழ்த்தியது அந்தச் செடிதான். இயற்கையானது என்றால் தீங்கற்றது என்று நினைப்பது ஆபத்து. ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கிறது, புற்றுநோயையும் உண்டாக்குகிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடைகுறைப்புக்காகக் கொடுத்த மூலிகைக் கலவையில் அது கலந்திருந்ததால் ஏராளமான பெண்கள் சிறுநீரகத்தை இழந்தார்கள்.

இனி கணினிக்கு வருவோம். இந்தக் கேள்வி புதிதல்ல. 1990களில் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான செயற்கை மூலக்கூறுகளை உருவாக்கும் முறை வந்தபோது, பெரிய மருந்து நிறுவனங்கள் பல இயற்கைப் பொருள் ஆய்வுப் பிரிவுகளையே மூடின. எண்ணிக்கை மலைபோல் குவிந்தது, மருந்துகள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. காரணம் எளிது. செய்வதற்குச் சுலபமான மூலக்கூறுகளையே மனிதர்கள் செய்தார்கள், அவை பெரும்பாலும் ஒன்றுபோல் தட்டையாக இருந்தன. உயிர்கள் செய்பவை மடங்கியும் முறுக்கியும் பின்னியும் இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஏதோ ஒரு புரதத்தின் பள்ளத்தில் போய்ப் பொருந்தி, பொருந்தாதவை கழிந்து, மிஞ்சியவை அவை. 1981 தொடங்கி நாற்பது ஆண்டுகளில் அங்கீகாரம் பெற்ற சிறு மூலக்கூறு மருந்துகளில் பாதிக்கு மேற்பட்டவை ஏதோ ஒரு வகையில் இயற்கைப் பொருளிலிருந்து வந்தவை அல்லது அதைப் பார்த்துச் செய்தவை.

இன்றைய செயற்கை நுண்ணறிவு அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது, அதில் எனக்கும் பெரிய நம்பிக்கை உண்டு. ஆனால் அது படிப்பது நாம் ஏற்கெனவே கண்டெடுத்து எழுதிவைத்தவற்றை. நாம் எழுதியது மிகக் குறைவு. பெயரிட்ட பூஞ்சைகள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம், மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது மதிப்பீடு. மண் பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுப்பவை. அவற்றில் ஒன்றை மண்ணுக்குள்ளேயே சிறு அறைகளில் வைத்து வளர்த்துப் பார்த்தபோதுதான், 2015இல் அறிவிக்கப்பட்ட டெய்க்ஸோபாக்டின் என்ற புதுவகை நுண்ணுயிர்க்கொல்லி தெரியவந்தது. அது இன்னும் நோயாளிக்கு வந்துசேரவில்லை. ஆனால் யாரும் பார்க்காத இடம் எவ்வளவு பெரிது என்று காட்டிவிட்டது.

ஆய்வுக்கூடம் உண்மையில் உதவுகிற இடம் வேறு: மருந்து கிடைத்தபின் செடியைக் காப்பாற்றுவதில். ஒரு டன் உலர்ந்த நித்தியகல்யாணி இலையில் சில கிராம் வின்கிறிஸ்டின்தான் கிடைக்கும். நித்தியகல்யாணி எங்கும் முளைக்கும், பாதகமில்லை. பசிபிக் யூ மரத்துக்கு அந்த யோகம் இல்லை. 1962இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் எடுத்த அதன் பட்டையிலிருந்து டாக்ஸால் என்ற பொருள் கிடைத்தது. மன்ரோ வால், மன்சுக் வானி என்ற வேதியியலாளர்கள் இருவரும் 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டனர், 1992இல் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தானது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும், மரமோ மிக மெதுவாக வளர்வது. ஐரோப்பிய யூவின் ஊசியிலையில் உள்ள நெருங்கிய உறவான ஒரு பொருளை எடுத்து மீதியை ஆய்வுக்கூடத்தில் முடிக்கலாம் என்று கண்டுபிடித்த பிறகுதான் அந்த நெருக்கடி தணிந்தது. இலை மறுபடி துளிர்க்கும், பட்டை அப்படியல்ல. 2022இல் இன்னொரு படி மேலே போய், வின்பிளாஸ்டினுக்கான மூலப்பொருள்களை ஈஸ்ட்டிலேயே தயாரித்துக் காட்டினார்கள். முப்பதுக்கு மேற்பட்ட நொதிப் படிகள். அந்தச் சமையல் குறிப்பு முழுவதும் செடியின் மரபணுவிலிருந்து படித்தது.

மருந்தாக மாறாமலே மருத்துவத்தைத் தாங்கி நிற்பவையும் உண்டு. 1966இல் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவரும் யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவை எடுத்தார்கள். அவ்வளவு சூட்டில் எது வாழ்கிறது என்ற ஆர்வம்தான் காரணம், வேறு நோக்கம் இல்லை. சூட்டில் கெடாத அதன் நொதிதான் பின்னாளில், மரபணுத் துணுக்கைப் பலமடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனைக்கு உயிர் கொடுத்தது. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த சோதனை அந்த ஊற்றுக்குக் கடன்பட்டது. குதிரைலாட நண்டின் நீல இரத்தம் பாக்டீரியா நச்சு பட்டதும் உறைந்துவிடும். ஊசிமருந்துகளிலும் தடுப்பூசிகளிலும் நச்சு இல்லை என்று உறுதிசெய்யப் பல பத்தாண்டுகளாக அதையே பயன்படுத்துகிறோம். நண்டுகளைப் பிடித்து, கொஞ்சம் இரத்தம் எடுத்து, கடலில் விடுவார்கள், எல்லாமே பிழைப்பதில்லை. அதே புரதத்தை ஆய்வுக்கூடத்தில் செய்யும் வழியைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 1990களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மருந்துத் துறை அதை ஏற்கக் காட்டிய தயக்கம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. 'இனம் அழியவில்லையே, இன்னும் நிறைய மரம் இருக்கிறதே' என்பது போதாது. 1987இல் மலேசியாவின் சரவாக் சதுப்புக் காட்டில் புன்னைக்கு உறவான ஒரு மரத்திலிருந்து இலையும் கிளையும் சேகரித்தார்கள். ஆய்வில் அது எச்ஐவி பெருகுவதைத் தடுத்தது. இன்னும் வேண்டும் என்று திரும்பிப் போனபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் இருந்த அதே இனத்து மரங்களில் அந்தச் சக்தி இல்லை. கடைசியில் அதே வகை மரங்கள் சில, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பழைய காலத்தில் நட்டு வளர்ந்தவை, கைகொடுத்தன. கலனோலைடு என்ற அந்தப் பொருள் மனிதச் சோதனை வரை போனது, மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை. அது வேறு கதை. ஒரே இனத்துக்குள்ளும் மரத்துக்கு மரம் சரக்கு வேறு என்பதுதான் எனக்கு அதில் முக்கியம்.

பயிர்களில் இது இன்னும் கூர்மை. 1970களில் ஆசிய நெல்லைப் புல்குட்டை நோய் என்ற வைரஸ் தாக்கியபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. தாங்கி நின்றது ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல், அதுவும் இந்தியாவில் எடுத்த ஒரு சேகரிப்பு மட்டும். அந்த எதிர்ப்புச் சக்தி ஐஆர்36 ரகத்துக்குள் போய், பிறகு கோடிக்கணக்கான ஏக்கரில் விளைந்தது. களை என்று யாராவது அது வளர்ந்த இடத்தை அழித்திருந்தால்?

மூன்றாவது கேள்வி, பலன் யாருக்கு. நீண்ட காலம் பதில் ஒன்றுதான்: கண்டெடுத்தவருக்கு, காப்புரிமை வாங்கியவருக்கு. நித்தியகல்யாணியின் தாய்மண்ணான மடகாஸ்கருக்கு அந்த வருமானத்தில் பங்கில்லை. வெந்நீர் ஊற்றின் நொதியை வைத்துச் செய்யும் பிசிஆர் காப்புரிமை 30 கோடி டாலருக்குக் கைமாறியது, பூங்காவுக்கு ஒரு காசும் போகவில்லை. 1995இல் மஞ்சள் புண் ஆற்றும் என்பதற்கே அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இது புதிதல்ல என்று இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய ஏடுகளைக் காட்டி வாதாடி 1997இல் அதை ரத்துசெய்ய வைத்தது.

மாறியிருக்கிறதா? கொஞ்சம். 1992 ரியோ உடன்படிக்கை, உயிர்வளம் அந்தந்த நாட்டின் உரிமை என்றது. 2010இல் ஜப்பானின் நகோயா நகரில் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நெறிமுறை, முன்கூட்டியே சம்மதம் வாங்கு, பலனைப் பகிர் என்று விதி வைத்தது. அமெரிக்கா இன்றுவரை இதில் சேரவில்லை. அதற்கு முன்பே நல்லதொரு முயற்சி அகத்தியமலையில் நடந்தது. 1987இல் ஆய்வாளர்களோடு நடந்த காணிப் பழங்குடி வழிகாட்டிகள் ஒரு காட்டுப் பழத்தைத் தின்று களைப்பின்றி நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரப் பூங்கா ஆய்வு நிறுவனம் ஜீவனி என்ற மருந்தைத் தயாரித்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது, அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. குறைகள் இருந்தன. காணிகள் எல்லோருடைய சம்மதமும் கேட்கப்படவில்லை, செடியை எடுக்க வனத்துறை தடை போட்டது. ஆனாலும் அறிவு யாருடையதோ அவருக்குப் பங்கு என்பதை எழுத்தில் வைத்த முதல் ஏற்பாடுகளில் அது ஒன்று. இன்றைய சிக்கல் வேறு: செடியைத் தொடாமலே அதன் மரபணு வரிசையை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதிலிருந்து ஈட்டுகிறவர்கள் பங்கு செலுத்த ஒரு நிதியை 2025இல் தொடங்கியிருக்கிறார்கள். செலுத்துவது கட்டாயமில்லை என்பதால் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இல்லை.

கடைசியாக, மருந்துக்காகவே காட்டைக் காக்கலாமா என்றால், அதை மட்டும் நம்பி வாதாடாதீர்கள் என்பேன். 1991இல் கோஸ்டாரிகாவின் பல்லுயிர் நிறுவனம் மெர்க் என்ற மருந்து நிறுவனத்தோடு பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டபோது, மருந்துப் பணமே காட்டைக் காக்கும் என்று உலகம் கொண்டாடியது. அந்த ஒப்பந்தத்திலிருந்து சந்தைக்கு ஒரு மருந்தும் வரவில்லை. சோதிக்கும் ஆயிரக்கணக்கான சாறுகளில் ஒன்று தேறுவதே அரிது, தேறியதும் மருந்தாகப் பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கும். மரக்கடத்தலோடும் சுரங்கத்தோடும் அந்தக் கணக்கு போட்டிபோட முடியாது. இந்த விலைக்கணக்கில் காட்டை நிறுத்தினால் காடு தோற்கும்.

எதை இழக்கிறோம் என்பதற்கு நான் எப்போதும் நினைப்பது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இருந்த ஒரு சிறு தவளையை. 1973இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. பெண் தவளை தன் முட்டைகளை விழுங்கி இரைப்பையிலேயே அடைகாக்கும். ஆறேழு வாரம் ஒன்றும் தின்னாது. பிறகு குஞ்சுகள் வாய்வழியே வெளியேறும், அதே இரைப்பை மறுபடி இரையைச் செரிக்கத் தொடங்கும். தன் அமிலத்தில் தன் பிள்ளைகள் கரையாமல் அது எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பது வயிற்றுப்புண் மருத்துவர்களையும் ஈர்த்தது. குஞ்சுகள் சுரக்கும் ஒரு பொருள் அமிலத்தை நிறுத்துகிறது என்ற அளவுக்குத் தெரியவந்தது. 1981க்குப் பிறகு காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை, கூண்டில் இருந்த கடைசித் தவளை 1983இல் இறந்தது. 1984இல் அதே வகையில் இரண்டாவது இனம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருடத்தோடு அதுவும் காணாமல் போனது. 2013இல், உறைபனியில் வைத்திருந்த பழைய திசுவின் உட்கருவை வேறொரு தவளையின் முட்டைக்குள் செலுத்திப் பார்த்ததாக அறிவித்தார்கள். செல்கள் சில நாள் பிரிந்து வளர்ந்தன, பிறகு நின்றுவிட்டன.